எழும்புவதற்குச் சம்பளம்

என் அப்பாவை ஒரு கதிரையில் அரை மணித்தியாலம் சேர்ந்தாற்போல் இருக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு கலியாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குள் நுழைந்ததும் அம்மா மணவறை தெரிகிற மாதிரி நல்ல இடமாகப் பார்த்து மூன்று கதிரைகளைப் பிடித்துவிடுவார். அப்பா வந்து இருப்பார். இருந்து, வேட்டியைச் சரிசெய்து முடிப்பதற்குள் வாசலில் யாராவது தெரிவார்கள். தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. மாப்பிள்ளை பகுதியின் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம், வீடியோ எடுக்க வந்தவரின் உதவியாளராகவும் இருக்கலாம். இடம் தேடுகிற கண்ணோடு ஒருவர் நின்றால் போதும், அப்பா எழும்பிவிடுவார். சும்மாவும் எழும்பமாட்டார். தான் இருந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துவிட்டு, "இருங்கோ, இருங்கோ" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் நிற்பார். பந்தியிலும் இதே கதைதான். அப்பா இருந்து சாப்பிட்ட கலியாணம் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

"இந்த மனிசனுக்கு எழும்புறதுக்குச் சம்பளம் குடுத்துப் பழக்கிப் போட்டாங்கள்" என்று அம்மா பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுவார். அவர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரிப்பார். அது பகிடியே இல்லை என்பது அந்த மண்டபத்தில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பா லண்டன் நகரத்துக்குள் இருந்த ஒரு கசினோவில் போக்கர் விளையாடுவதற்குச் சம்பளம் வாங்கினார். சூதாடியின் மகள் என்று என்னைப் பரிதாபமாகப் பார்க்க வேண்டாம். எங்கள் வீட்டில் நகை அடகுக்குப் போனதில்லை, வாசலில் கடன்காரர் வந்து நின்றதில்லை. இது வேறு விதமான வேலை.

போக்கர் மேசையைச் சுற்றி ஒன்பது கதிரைகள் இருக்கும். அதில் இரண்டு பேர் மட்டும் விளையாடிக்கொண்டிருந்தால் மூன்றாவது ஆள் வந்து இருக்க யோசிப்பான். ஆள் இல்லாத சாப்பாட்டுக் கடைக்குள் நாங்கள் நுழைய யோசிக்கிறோம் அல்லவா, அதுபோல. அந்த இரண்டு பேரும் சலித்துப்போய் எழும்பிவிட்டால் மேசை உடைந்தது என்பார்கள். மேசை உடைந்தால் கசினோவுக்கு வருமானம் இல்லை. அதனால் சாதாரண ஆட்டக்காரரைப்போல உட்கார்ந்து விளையாடுவதற்கு ஆள் வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் 'புரொப்' என்று பெயர். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்போமே, அந்த முட்டு. அவர் விளையாடுவது தன் சொந்தக் காசில். வென்றாலும் தோற்றாலும் அவர் பாடு. கசினோ கொடுக்கும் சம்பளம், மேசை உடையாமல் அங்கே இருப்பதற்கு மட்டும். மேசை நிறைந்து, உண்மையான வாடிக்கையாளர் ஒருவர் கதிரைக்காகக் காத்து நின்றால், முட்டு எழும்பி இடம் விட வேண்டும்.

"ஆட்டம் நல்லாப் போகேக்க எழும்ப வேணும், நாசமாப் போகேக்க போய் இருக்க வேணும். இதுதான் பிள்ளை வேலை" என்று அப்பா ஒருமுறை எனக்கு விளங்கப்படுத்தினார். கைநிறைய நல்ல சீட்டுக் கடதாசிகள் வந்துகொண்டிருக்கிற நாளில், கொஞ்சம் கவனமில்லாத ஆட்கள் எதிரே இருக்கிற மேசையில், அவர்தான் முதலில் எழும்ப வேண்டும். கெட்டிக்காரர் இரண்டு பேர் மட்டும் முறைத்துக்கொண்டு இருக்கிற மேசைக்கு அவரைத்தான் முதலில் அனுப்புவார்கள். இப்படி ஒரு உத்தியோகத்தை யோசித்துக் கண்டுபிடித்தவன் எவன் என்று எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது.

அப்பா கடதாசி பழகியது ஜெர்மனியில், அகதி முகாமில். வேலை செய்ய அனுமதி இல்லாத, பாஷை தெரியாத ஒரு கூட்டம் ஆண்கள் குளிர்காலம் முழுக்க முந்நூற்றி நாலு என்ற கடதாசி ஆட்டம் ஆடியே காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது நாங்கள் லண்டனுக்கு வந்தோம். செவன் கிங்ஸில் வாடகைக்கு வீடு எடுத்தோம், அப்பா பெற்றோல் செட்டில் காசாளரானார். அங்கே கூட வேலை செய்த ஒருவர்தான் ஒரு லீவு நாளில் கசினோவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். கூட்டிப் போனவர் சீக்கிரம் கையைச் சுட்டுக்கொண்டு நின்றுவிட்டார். அப்பா இடைக்கிடை போனார். குடிக்கமாட்டார், சத்தம் போடமாட்டார், தோற்றாலும் முகம் மாறாது, வென்றாலும் தேத்தண்ணிதான் வாங்குவார். கசினோக்காரர்கள் இப்படி ஒருவருக்காகத் தவம் கிடப்பார்கள்போல. மதிய நேரத்தில் வந்து இருக்க முடியுமா என்று கேட்டார்கள்.

அம்மா கொஞ்ச நாள் அப்பாவோடு பேசவில்லை. பிறகு ஒரு நிபந்தனையோடு பேசினார். வெளியில் கேட்டால் ஹோட்டல் வேலை என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு குமர்ப்பிள்ளை இருக்கிறது, நாளைக்குச் சம்பந்தம் பேச வேண்டும், கசினோ என்றால் எவன் எட்டிப் பார்ப்பான் என்பது அம்மாவின் வாதம். என்ன ஹோட்டல் என்று யாராவது கேட்டால், "பெரிய ஹோட்டல்" என்று சொல்லிவிட்டுக் கதையை மரக்கறி விலைக்குத் திருப்பிவிடுவார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அவர் கதிரையை விட்டு எழும்பித் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

எழும்பு என்று கசினோவில் வாயால் சொல்லமாட்டார்கள். மற்ற ஆட்டக்காரர் முன்னால் அது அழகில்லை. மேசைகளைப் பார்த்துக்கொள்கிற மேலாளர் பின்னால் வந்து தோளில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான். கையில் இருக்கிற ஆட்டம் முடிந்ததும் எழும்பிவிட வேண்டும்.

இதை அப்பா ஒருநாள் வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அப்பா சோபாவில் கண்ணயர்ந்திருக்கும்போது விருந்தாளி கதவைத் தட்டினால், அம்மா போய்த் தோளில் இரண்டு தட்டு. அப்பா கண் திறப்பதற்கு முன்னரே எழும்பி நிற்பார். நின்றுகொண்டு, "ஆர் வந்திருக்கினம்?" என்பார். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிடும். சிலவேளை யாரும் வராமலே தட்டுவார். அப்பா ஏமாந்து நின்றதும், "ஒருத்தரும் இல்லை, சும்மா பாத்தனான், வேலை செய்யுதோ எண்டு" என்பார். அப்பாவும் சிரிப்பார்.

நான் மட்டும் ஒருநாளும் அப்பாவின் தோளில் தட்டியதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. பதினெட்டு வயதான பிறகு ஒரு மத்தியானம் அப்பாவுக்குச் சொல்லாமல் அந்தக் கசினோவுக்குப் போனேன். எங்கே வேலை செய்கிறார் என்று பார்க்கிற ஆசை, வேறொன்றுமில்லை. கம்பளம் விரித்த பெரிய அறை, யன்னல் கிடையாது. அம்மா அயன் பண்ணிக் கொடுத்த நீலச் சேட்டோடு அப்பா ஒரு மேசையில் இருந்தார். அவர் முன்னால், காசுக்குப் பதிலாக வைத்து ஆடுகிற வில்லைகள் அழகாக அடுக்கியிருந்தன. பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொல்ல அப்பா வாய்விட்டுச் சிரித்ததைக் கண்டேன். அப்பா அந்நியரோடு அப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது. அப்போது என்னைவிட ஓரிரு வயது மட்டுமே கூட இருக்கக்கூடிய ஒரு பெடியன், கழுத்துப்பட்டி கட்டியவன், பின்னால் வந்து தட்டினான். அப்பாவின் சிரிப்பு முடியவில்லை, ஆனால் உடம்பு எழும்பத் தயாராகிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு உள்ளங்கையாலும் வில்லைகளைத் தன்பக்கம் வாரி எடுத்தார். எடுத்த பிறகு தனக்கு முன்னால் இருந்த பச்சைத் துணியைக் கையால் தடவி நேராக்கினார், அடுத்து வருகிறவருக்காக. கதிரையைத் துடைத்தார். போய்ச் சுவரோரமாக நின்றார்.

நான் அவர் கண்ணில் படாமல் வெளியே வந்து பஸ்ஸில் ஏறிவிட்டேன். அந்தப் பெடியனின் விரலை முறிக்க வேண்டும்போல் இருந்தது. அதன் பிறகு அம்மா தட்டும்போதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அம்மா தட்டும்போது அப்பாவுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பல வருடம் கழித்து, நான் கவுன்சிலில் வேலைக்குப் போய், அம்மா பயந்த அந்தச் சம்பந்தமும் நான் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோன காலத்தில், அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். கண்டுபிடித்தபோதே பரவிவிட்டது. வெட்டுவதற்கு ஒன்றுமில்லை, நோகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டொக்டர் சொன்னார். அவர் சொன்னதை நான் தமிழில் கொஞ்சம் மெதுவாக்கிச் சொன்னேன். அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து இங்கிலிஷ் பழகினவர். "எனக்கு விளங்கினது, நீ கஷ்டப்படாத" என்றார்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலுக்கு ஒரே ஒரு கதிரை. முதுகு உயர்ந்த, துடைக்கத் தோதான நீல உறை போட்ட, கை வைத்த கதிரை. ஒரு நோயாளிக்கு இரண்டு பார்வையாளர் என்று சுவரில் எழுதியிருந்தது. ஆனால் எங்கள் சனத்துக்கு வருத்தம் பார்க்கப் போவது என்பது கோயிலுக்குப் போவதைவிடப் பெரிய கடமை. போகாவிட்டால் பழி, போனவர் யார் போகாதவர் யார் என்று ஒரு கணக்கு வேறு. சூப் போத்தலோடு வந்தார்கள், ஈலிங் கோயில் விபூதியோடு வந்தார்கள், அம்மா தொடக்கூடாத திராட்சைப் பழத்தோடு வந்தார்கள். சட்டம் பேசிய நேர்ஸ் இரண்டாம் நாளே தோற்றுப்போனார். ஒருவர் உள்ளே வந்து கட்டிலைப் பார்ப்பார். அப்பா எழும்புவார், கதிரையைத் துடைப்பார், "இருங்கோ" என்பார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கசினோ வேலைக்குப் போவதற்கு முன் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தையும் அப்பா நின்றே கழித்தார்.

ஒருநாள் காலை, யாரும் வராத நேரம், அம்மா கேட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"இஞ்சேருங்கோ. ஒண்டு கேட்டால் செய்வியளோ?"

"சொல்லும்" என்றார் அப்பா.

"ஆர் வந்தாலும் இனி எழும்பாதேங்கோ."

அம்மா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"நான் கண் திறக்கிற நேரமெல்லாம் வேற வேற முகம். ஆரெண்டு பிடிச்சு, சிரிச்சு, சுகமெண்டு சொல்லுறதுக்கிடையில களைச்சுப் போறன். உங்கட முகமெண்டால் பாத்திட்டு அப்பிடியே திரும்பப் படுக்கலாம். போகேக்க நான் கடைசியாப் பாக்கிறது ஆரோ சூப் கொண்டு வந்த சனத்தின்ர முகமா இருக்கக் கூடாது."

"ஓம்" என்றார் அப்பா. "எழும்பமாட்டன்."

அன்றைக்கு அப்பா வேலைக்குப் புறப்படுவதற்குள்ளேயே அப்டன் பார்க்கில் புடவைக் கடை வைத்திருக்கிற ஓர் அக்கா வந்தார். எங்களுக்கு அவர் அவ்வளவு நெருக்கமும் இல்லை. அம்மா அவர் கடையில் விலை பேசிச் சண்டை பிடித்திருக்கிறார், அவ்வளவுதான் உறவு. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு தலையை நீட்டினார். அப்பா எழும்பினார், துடைத்தார், "இருங்கோ" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கை கதிரையின் மேலேயே நின்றுவிட்டது. ஆனால் அக்கா அதற்குள் இருந்துவிட்டார். அம்மா அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு வந்தவரைப் பார்த்து, விருந்தாளிக்கென்று வைத்திருக்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

புடவைக் கடை அக்கா இலேசில் எழும்புகிற ஆள் இல்லை. தன் மச்சாளுக்கும் இதே வருத்தம்தான் வந்தது, இதே இடத்தில்தான் கட்டி, கடைசியில் எலும்பாகக் கிடந்தார் என்று விலாவாரியாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்று ஆறுதலும் சொன்னார். அவர் கொண்டு வந்த ஆட்டெலும்புச் சூப்பை அவர் தலையிலேயே ஊற்றாமல் நான் அடக்கிக்கொண்டதற்கு எனக்கு எங்காவது புண்ணியம் எழுதியிருப்பார்கள்.

அப்பா நடைபாதையில் சொக்லேட் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். நான் போனதும் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் எழும்பேல்லைப் பிள்ளை. கால் தானா எழும்பிப் போட்டுது." அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சூப் அக்கா போன பிறகு அம்மா அப்பாவை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. கிட்டக் கூப்பிட்டு, "மேசை உடையேக்க கடைசி மட்டும் இருக்கத்தானே அவங்கள் உங்களை வைச்சிருக்கிறாங்கள்?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப என்ர மேசையிலும் இருங்கோவன்."

அப்பா வெளியே போய்க் கசினோவுக்கு ரெலிபோன் எடுத்தார். மதிய ஷிப்டுக்கு இனி வர ஏலாது, மனைவிக்குச் சுகமில்லை என்றார். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்த இடத்தை அப்படியே வைத்திருக்க முடியாது, வேறு ஆள் போடுவோம் என்றார்கள். அப்பா "நோ புரொப்ளம், ப்ளீஸ், கிவ் த சீற்" என்று சொல்லிவிட்டு வந்தார். இத்தனை வருட உத்தியோகத்தையும் அப்படி எழும்பி விட்டுக்கொடுத்துவிட்டு வந்து அம்மாவின் கதிரையில் இருந்தார்.

அடுத்த நாள் முதல் அவர் இருந்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். திரைச்சீலை அசைந்தாலே இரண்டு கையாலும் கதிரையின் கைகளை இறுக்கிப் பிடிப்பார். குதிக்கால் நிலத்தில் அழுந்தும். வந்தவர் முகத்தைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்ப்பார். முகத்தைப் பார்த்தால் எழும்பிவிடுவேன் என்று எனக்கு இரகசியமாகச் சொன்னார். வந்தவர்கள் நின்றார்கள். நின்றால் சனம் கனநேரம் கதைக்காது என்பதை அப்போதுதான் கண்டுகொண்டோம்.

பெரிய சோதனை பெரிய மாமாவின் வடிவில் வந்தது. அம்மாவின் மூத்த அண்ணை, பாரிஸில் இருப்பவர். அம்மாவைக் கைபிடித்துக் கொடுத்தவர், எங்கள் குடும்பத்தில் அவர் வந்தால் இருக்கிற ஆம்பிளைகள் எல்லாரும் எழும்புவார்கள். ரயிலால் இறங்கிப் பெட்டியோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாமா வந்து கட்டிலருகே நின்றார். அப்பா எழும்பவில்லை.

"வாங்கோ மச்சான்" என்றார் அப்பா, கதிரையின் கைகளைப் பிடித்தபடி. "குறை நினையாதேங்கோ. என்னால எழும்பேலாது."

மாமா குனிந்து அப்பாவின் காலைப் பார்த்தார். "ஏன், காலுக்கு என்ன?"

"காலுக்கு ஒண்டுமில்லை."

மாமா என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். அந்த வயதான மனிதர் பின்னேரம் வரை பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்து வார்ட்டில் இருந்து கதிரை ஒன்று இரவல் கேட்டுக் கொண்டு வந்தும் கோபத்தில் அதில் இருக்கவில்லை. பெண்சாதி சாகக் கிடக்கிற நேரத்திலும் மட்டு மரியாதை தெரியாத ஆள் என்று அன்றைக்கே பாரிஸிலிருந்து ரொறன்ரோ வரைக்கும் கதை போய்விட்டது. அம்மா கண் திறந்தார். மாமா நிற்பதைக் கண்டார், அப்பா இருப்பதைக் கண்டார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. விருந்தாளிக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, சோபாவில் அப்பாவை ஏமாற்றிவிட்டுச் சிரிப்பாரே, அது. எனக்கு அப்பாவை நினைக்கப் பெருமையாக இருந்தது.

சனம் குறைந்தபிறகு அவர்கள் இரண்டு பேரும் 'கழுதை' விளையாடினார்கள். பிள்ளைகள் விளையாடுகிற ஆட்டம், கடைசியில் கையில் கடதாசி மிஞ்சுகிறவர் கழுதை. முந்நூற்றி நாலுக்கு நாலு பேர் வேண்டும், போக்கர் என்றால் அம்மாவுக்குக் கண்ணிலும் காட்டக் கூடாது. அம்மாவுக்குக் கடதாசியைப் பிடிக்கக் கையில் பலம் இல்லை. ஆகவே அப்பாதான் அம்மாவுடையதையும் பிடித்தார். அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி விசிறிபோல விரித்துப் பிடித்துக்கொண்டு, தன் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொள்ளுவார். அம்மா ஒரு விரலால் ஏதாவது ஒன்றைத் தொடுவார். தொட்டது கையில் உணர்ந்ததும் அப்பா அதை இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புவார். ஒருநாளும் களவாகப் பார்க்கவில்லை. "பாத்தால்தான் என்ன, சும்மா விளையாட்டுத்தானே" என்று நான் கேட்டதற்கு, "மற்ற ஆளின்ர கையைப் பாக்கக் கூடாது பிள்ளை" என்றார். அம்மாவே பெரும்பாலும் வென்றார். "சம்பளம் வாங்கி விளையாடின ஆள், இஞ்ச கழுதை" என்று சொல்லும்போது அவர் குரல் காற்றைப்போல இருந்தது.

ஒரு பின்னேரம் நான் தேத்தண்ணி எடுக்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்து திரைச்சீலையை விலக்கியபோது அப்பா வழக்கம்போல அம்மாவின் கடதாசிகளை விரித்துப் பிடித்தபடி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கார்ப் பார்க்கில் யாரோ வண்டியைப் பின்னுக்கு எடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா கடதாசியைப் பார்க்கவில்லை. தலை கொஞ்சம் சரிந்து, கண் அப்பாவின் பக்கமாகத் திறந்திருந்தது. மார்பில் அசைவு இல்லை.

"அப்பா" என்றேன்.

"பொறு, அம்மா யோசிக்கிறா" என்றார், திரும்பாமல்.

எவ்வளவு நேரம் அப்படி விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் நான் அவரிடம் கேட்கவில்லை. அம்மா ஆசைப்பட்ட முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் போனார். அந்த முகம் மட்டும் அந்த நேரத்தில் அவரைப் பார்க்கவில்லை.

நேர்ஸ் வந்தார், டொக்டர் வந்தார், பார்த்தார்கள், நேரத்தைக் குறித்தார்கள். அம்மாவின் கண்ணை நேர்ஸ்தான் மூடிவிட்டார். அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கதிரையிலேயே இருந்தார். கடதாசிகள் கட்டில் விரிப்பில் விழுந்து கிடந்தன. லண்டனிலேயே தங்கியிருந்த பெரிய மாமா தகவல் கேட்டு வந்தார். கோபத்தை எல்லாம் மறந்து, "எழும்பும் மச்சான், நேர்ஸ்மார் அலுவல் பாக்க வேணும்" என்று தோளை அணைத்துச் சொன்னார். அப்பா கதிரையின் கைகளை இறுக்கிப் பிடித்தார். நேர்ஸ் இங்கிலிஷில் அன்பாகக் கேட்டார், உடம்பைக் கழுவ வேண்டும், கொஞ்ச நேரம் வெளியில் இருங்கள், பிறகு திரும்ப வரலாம் என்றார். அப்பாவுக்கு விளங்கியது. தலையை மட்டும் ஆட்டினார். "நான் வாக்குக் குடுத்திருக்கிறன், எழும்பேலாது" என்றார் தமிழில். மாமா கெஞ்சினார், மாமாவோடு வந்த இன்னொருவர் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கண்டவர் நின்றவருக்கெல்லாம் எழும்பிய மனிதனை அசைக்க முடியவில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கதிரைக்குப் பின்னால் போனேன். அம்மா செய்வதைத்தான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேனே. இரண்டு விரலால், அப்பாவின் தோளில், இரண்டு தட்டுத் தட்டினேன்.

அப்பா உடனே எழும்பிவிட்டார். எழும்பி, விரிப்பில் கிடந்த கடதாசிகளை இரண்டு உள்ளங்கையாலும் வாரி எடுத்து ஒழுங்காக அடுக்கினார். அம்மாவின் கைக்குப் பக்கத்தில் சுருங்கியிருந்த விரிப்பைத் தடவி நேராக்கினார். கதிரையைத் துடைத்தார். பிறகு விலகிச் சுவரோரம் நின்றுகொண்டு வாசலைப் பார்த்தார்.

"ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை அப்பா."

அவர் கதிரையைப் பார்த்தார். அது வெறுமையாகத்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப ஏன் பிள்ளை என்னை எழுப்பினனி?"